சிங்கப்பூரில் தாதிமைப் பட்டப்படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரியில் சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் வரும். பிப்ரவரிக் கடைசியில் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வரும். இந்த இரண்டு மாதமும் என் கைப்பேசி ஓய்வதில்லை. பொது மருத்துவமனை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாதியாக இருக்கிறேன். எங்கள் புளோக்கில் பெரியவர்கள் இன்னமும் என்னை "மிஸி" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு நான் அக்கா. கீழ்த்தளத்துக் கல் மேசையில் தேர்வுச் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கோப்பில் வைத்துக்கொண்டு கேட்டவர்களும், தேக்காவில் காய்கறி வாங்கும்போது நிறுத்திக் கேட்டவர்களும் திரும்பத் திரும்ப இந்தக் கேள்விகளையே கேட்டார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அக்கா, தாதியாவதற்குப் பட்டம் கட்டாயமா? டிப்ளோமா போதாதா?

பதிவுபெற்ற தாதியாக டிப்ளோமா போதும். நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் 1992 முதல் தாதிமை டிப்ளோமா இருக்கிறது. நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் இருக்கிறது. இரண்டுமே மூன்றாண்டுப் படிப்புகள். டிப்ளோமா முடித்தவரும் பட்டம் முடித்தவரும் தாதியர் வாரியத்தின் அதே பதிவேட்டில்தான் இடம்பெறுகிறார்கள். முதல் நாள் வார்டில் இருவருக்கும் அதே மருந்து வண்டிதான், அதே நோயாளிகள்தான்.

வேறுபாடு பின்னால் தெரியும். தொடக்கச் சம்பளத்தில் பட்டதாரிக்கு ஒரு படி கூடுதல். மேல்நிலைப் பயிற்சித் தாதியாக விரும்புபவர் முதுநிலைப் பட்டம் பெற வேண்டும், அதற்கு இளநிலைப் பட்டம்தான் வாசல். கற்பித்தல், ஆய்வு, நிர்வாகம் ஆகியவற்றுக்கும் அப்படியே. ஆகவே பட்டம் எப்போதாவது வேண்டியிருக்கும். அதை முதலிலேயே வாங்குவதா, வேலை பார்த்துவிட்டு வாங்குவதா என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

பட்டப்படிப்பு எங்கெங்கே இருக்கிறது?

அரசாங்க மானியம் கிடைக்கும் இடங்கள் இரண்டை முதலில் பாருங்கள். ஒன்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆலிஸ் லீ தாதிமை நிலையம். இந்நாட்டின் முதல் தாதிமைப் பட்டப்படிப்பு அங்கேதான் 2006இல் தொடங்கியது. இளநிலைப் பட்டம் மூன்று ஆண்டு, ஹானர்ஸ் என்றால் நான்கு. இன்னொன்று சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கல்விக்கழகம். இதன் பெயரைப் பலர் ஐடிஇ என்னும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். நான் சொல்வது எஸ்ஐடி எனப்படும் பல்கலைக்கழகம், பொங்கோலில் புதிய வளாகம் உள்ளது. அங்கே தாதிமை டிப்ளோமா முடித்தவர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டில் பட்டம் பெறலாம். தாதிமைப் பின்னணி இல்லாதவர்களுக்கு நான்காண்டுப் படிப்பும் அண்மை ஆண்டுகளில் வந்துவிட்டது.

இவை தவிர, தனியார் கல்வி நிலையங்கள் வழியாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டங்களும் உண்டு. அவற்றில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, தனிக் கேள்வியாகக் கீழே சொல்கிறேன்.

சாதாரண நிலையில் புள்ளிகள் சரியில்லை. எனக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. புள்ளி குறையக் குறையத்தான் நல்ல முடிவு. பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்புகளுக்குப் பொதுவாக 26 புள்ளிக்குள் இருக்க வேண்டும். தாதிமைக்கு மட்டும் 28 வரை ஏற்கிறார்கள். அதுவும் கைகூடாவிட்டால் ஐடிஇயில் தாதிமை படித்துப் பதிவுபெற்ற துணைத்தாதியாகலாம். அங்கே நல்ல மதிப்பெண் எடுத்தால் டிப்ளோமா, டிப்ளோமாவுக்குப் பின் பட்டம். சாதாரண நிலைத் தேர்வில் கணிதத்தில் தடுக்கி விழுந்து, ஐடிஇயில் தொடங்கி, இன்று என்னோடு மூத்த தாதியாக வேலை பார்க்கும் பெண்ணை எனக்குத் தெரியும். அவளுக்குப் பத்தாண்டுக்கும் மேல் ஆனது. நோயாளியின் முகம் மாறுவதை மானிட்டருக்கு முன்னால் கவனித்துவிடுபவள் அவள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? நேராகச் சொல்லுங்கள்.

கட்டணம் ஆண்டுதோறும் மாறும், ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் கட்டணப் பக்கத்தைப் பார்த்தே முடிவெடுங்கள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். சிங்கப்பூரருக்கு டிப்ளோமாவுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 வெள்ளி. தேசியப் பல்கலைக்கழகத்தில் மானியம் போகத் தாதிமைக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 வெள்ளிக்கும் கீழே இருந்திருக்கிறது. எஸ்ஐடியில் பாடப்புள்ளிகளை வைத்துக் கணக்கிடுவதால் ஆண்டுத் தொகையை மற்றதோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள், படிப்பு முடிய ஆகும் மொத்தத் தொகையைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டணத்துக்கு வெளியே சில செலவுகள் வரும்: சீருடை, காலணி, மருத்துவப் பரிசோதனை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, வேலைப்பயிற்சிக்காகத் தீவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகும் போக்குவரத்து. காலை ஏழு மணி ஷிப்டுக்கு உட்லண்ட்ஸிலிருந்து அவுட்ரம் போக வேண்டிய மாணவி முதல் ரயிலைத் தவறவிட்டால் டாக்சிதான். சிறிய தொகைதான் என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மாதக் கடைசியில்தான் தெரியும்.

அப்பா ஒருவர் சம்பளம்தான் அக்கா. பணத்துக்கு எங்கே போவது?

முதலில் உங்கள் பெயரிலேயே இருக்கும் பணத்தைப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் பிந்திய கல்விக் கணக்கு என்று ஒன்று ஒவ்வொரு சிங்கப்பூர்ப் பிள்ளைக்கும் உண்டு. பள்ளிக்காலத்தில் அரசாங்கம் போட்ட எடுசேவ் பணத்தில் மிஞ்சியதும் அதில்தான் சேர்ந்திருக்கும். அதைப் படிப்புக் கட்டணத்துக்கு எடுக்கலாம் என்பதே தெரியாமல் கடன் வாங்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கல்வி அமைச்சின் உதவித்தொகைகள். வீட்டு வருமானத்தைத் தலைக்கு இத்தனை என்று பிரித்துப் பார்ப்பார்கள், ஆகவே தாத்தா பாட்டியோடு வாழும் பெரிய குடும்பமானால் தகுதி பெறும் வாய்ப்பு கூடும். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் இந்து அறக்கட்டளை வாரியமும் உதவித்தொகைகள் வழங்குகின்றன. விண்ணப்பிக்கக் கூச்சப்படாதீர்கள். நம்மவர் பலர் "நம்மைவிடக் கஷ்டப்படுபவர் இருப்பார்" என்று சொல்லிப் படிவத்தையே எடுப்பதில்லை. தகுதி உண்டா இல்லையா என்று சொல்வது அவர்கள் வேலை. படிவத்தை நிரப்புவதே நம் வேலை.

பிறகுதான் கடன். கட்டணக் கடன் திட்டத்தில் மானியம் போன பல்கலைக்கழகக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும், படித்து முடிக்கும்வரை வட்டி இல்லை, ஆனால் ஒரு உத்தரவாதி வேண்டும். மத்திய சேம நிதிக் கல்விக் கடனில் அப்பாவின் சாதாரணக் கணக்கிலிருந்து எடுப்பீர்கள், படிப்பு முடிந்து ஓராண்டில் திருப்பிக் கட்டத் தொடங்கி 12 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும், சாதாரணக் கணக்கின் வட்டியே இதற்கும் வட்டி. அது அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் என்பதை மறக்காமல் வாங்குங்கள். என்னைக் கேட்டால் கட்டணக் கடனை முதலிலும் சேம நிதியைக் கடைசியிலும் வைப்பேன்.

அப்படியானால் எல்லாவற்றிலும் மலிவான வழி எது?

என் கருத்து: டிப்ளோமா படியுங்கள், பதிவுபெற்றுச் சில ஆண்டு வேலை பாருங்கள், பிறகு மருத்துவமனையின் ஆதரவோடு பட்டம் வாங்குங்கள். பொதுத்துறை மருத்துவமனைக் குழுமங்கள் நல்ல தாதியரை மேற்படிப்புக்கு அனுப்புகின்றன. கையிலிருந்து போவது டிப்ளோமாவின் மூன்று ஆண்டு, ஏறத்தாழ 9,000 வெள்ளி. அதற்குப் பிறகு சம்பளம் வீட்டுக்கு வரத் தொடங்கிவிடுகிறது. வார்டில் இரண்டு ஆண்டு நின்றவருக்குப் பல்கலைக்கழகப் பாடம் வேறுமாதிரிப் புரியும் என்பது இன்னொரு லாபம். மருந்தியல் ஆசிரியர் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னதும், அதைக் குடித்து வாந்தியெடுத்த நோயாளியின் முகம் நினைவுக்கு வரும்.

ஆனால் தொடக்கக் கல்லூரியில் படித்து மேல்நிலையில் நல்ல முடிவு எடுத்தவர், பலதுறைத் தொழிற்கல்லூரிக்குத் திரும்பிப் போய் மூன்று ஆண்டு படித்து, பிறகு மேலும் இரண்டு ஆண்டு படிப்பது மலிவாகத் தோன்றினாலும் மலிவு அல்ல. அவருக்கு நேரடிப் பட்டப்படிப்பே ஏற்றது. இழக்கும் சம்பளத்தையும் கூட்டிப் பாருங்கள்.

உபகாரச் சம்பளம் தருகிறார்களாம், ஆனால் ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைப்பார்களாம். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதில்லை, படித்துப் பார்க்க வேண்டும். பொதுச் சுகாதாரத்துறையின் உபகாரச் சம்பளங்களும் ஆதரவுத் திட்டங்களும் கட்டணத்தை ஏற்று, மாதந்தோறும் கைச்செலவுக்கும் கொடுக்கும். பதிலுக்குப் படிப்பு முடிந்ததும் குறித்த ஆண்டுகள் அங்கே வேலை பார்க்க வேண்டும். தாதியாகத்தான் வேலை பார்க்கப் போகிறோம் என்றால் அந்த ஆண்டுகள் எப்படியும் ஓடும்.

கையெழுத்துக்கு முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். எத்தனை ஆண்டு? ஒப்பந்தத்தை முறித்தால் எவ்வளவு, வட்டியோடா? எந்த மருத்துவமனை என்று யார் முடிவு செய்வார்கள்? உடல்நலம் கெட்டு ஓராண்டு விடுப்பு எடுத்தால் என்னாகும்? கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. வகுப்புத் தோழி ஒருத்தி இரண்டாம் ஆண்டில் முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்குப் போனபோதுதான் நாங்கள் எல்லோரும் எங்கள் ஒப்பந்தத்தை முதல்முறையாக முழுதாகப் படித்தோம்.

சிங்கப்பூரருக்கு ஒரு விளக்கம்: கல்வி அமைச்சின் கட்டண மானியம் மட்டும் வாங்கித் தாதிமை படித்தால் ஒப்பந்தம் எதுவும் இல்லை. உபகாரச் சம்பளத்துக்குத்தான் ஒப்பந்தம். இரண்டையும் ஒன்றென்று நினைத்தே பலர் பின்வாங்குகிறார்கள்.

நல்ல படிப்பா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தரவரிசையைப் பார்க்கலாமா?

தரவரிசை ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றி நிறையச் சொல்லும், உங்களுக்கு ஊசி போடக் கற்றுத்தரும் முறையைப் பற்றிக் குறைவாகவே சொல்லும். திறந்த நாளில் போய் மூன்றாம் ஆண்டு மாணவரைத் தேடிப் பிடியுங்கள். வேலைப்பயிற்சி மொத்தம் எத்தனை வாரம், எந்தெந்த மருத்துவமனைகளில், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். மனநலம், குழந்தை நலம், சமூகத் தாதிமை எல்லாவற்றிலும் நின்று பார்க்க வைத்தார்களா, அல்லது ஒன்றிரண்டை வகுப்பிலேயே முடித்தார்களா என்றும் கேளுங்கள்.

எனக்கு நல்ல பயிற்சி என்றால் எது என்று ஒரு சம்பவத்தில் தெரிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தி என் வார்டுக்கு வந்தாள். இரத்த அழுத்தக் கருவி காட்டிய எண்ணை எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகாமல் நின்றாள். "பாட்டியின் கை குளிர்ந்திருக்கிறது, எண்ணை நம்ப முடியவில்லை" என்றாள். கையால் மீண்டும் அளந்தோம். அழுத்தம் நிஜமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணைச் சந்தேகிக்க அவளுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அப்படிக் கற்றுத்தரும் இடத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

தனியார் கல்வி நிலையத்தில் ஒன்றரை ஆண்டில் தாதிமைப் பட்டம் என்கிறார்கள். சேரலாமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான், நிதானமாகப் படியுங்கள். தாதிமைப் பட்டங்கள் இரண்டு வகை. தாதியல்லாதவரைத் தாதியாக்கும் படிப்பு ஒன்று. ஏற்கெனவே பதிவுபெற்ற தாதிக்கு மேல்தகுதி தரும் படிப்பு இன்னொன்று. குறுகிய காலத்தில் முடியும் தனியார் படிப்புகள் பொதுவாக இரண்டாம் வகை. பதிவு இல்லாதவர் அதில் சேர முடியாது, எப்படியோ தாதிமை என்ற சொல் தாங்கிய ஏதோ ஒரு சான்றிதழை வாங்கிவிட்டாலும் அதை வைத்து வார்டுக்குள் போக முடியாது. பதிவு கொடுப்பது கல்லூரி அல்ல, சிங்கப்பூர்த் தாதியர் வாரியம். அதன் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனை அலுவலரின் வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள்.

வேலை பார்க்கும் தாதிக்கு இரண்டாம் வகை நல்ல வழியாக இருக்கலாம். மாலையிலோ வார இறுதியிலோ வகுப்பு, சம்பளமும் நிற்காது. ஆனால் கல்வி அமைச்சின் மானியமும், மேலே சொன்ன கட்டணக் கடனும், சேம நிதிக் கல்விக் கடனும் அங்கே செல்லாது. கல்வி நிலையத்துக்கு எடுட்ரஸ்ட் என்னும் தரச்சான்று இருக்கிறதா, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எது என்று பார்த்த பிறகு, உங்கள் மனிதவளப் பிரிவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பட்டம் வாங்கினால் என் சம்பளப் படி மாறுமா?" பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

எனக்கு 42 வயது. பதினெட்டு ஆண்டு அலுவலக வேலை. இப்போது தாதியாக முடியுமா?

முடியும். இடைக்கால ஊழியரைப் பதிவுபெற்ற தாதியாக்கும் வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டம் ஒன்று உண்டு. கட்டணத்தை ஏற்று, பயிற்சிக்காலத்தில் மாதப்படியும் தருகிறார்கள். பதிலுக்குப் பணி ஒப்பந்தம் உண்டு, அதற்கு மேலே சொன்ன நான்கு கேள்விகளும் பொருந்தும். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரருக்கு 2024 மே மாதம் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதியும் கணக்கில் போடப்பட்டது. எந்தப் படிப்புக்கு அதைப் பயன்படுத்தலாம் என்பதை ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையத்தளத்திலேயே தேடலாம்.

இந்த வழியில் முதலில் டிப்ளோமாவையே பாருங்கள். இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உடற்கூற்றியல் மனப்பாடம் செய்வது கடினம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நோயாளியின் அழுகிற மனைவியிடம் எப்படிப் பேசுவது என்று உங்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்காது.

நான் நிரந்தரவாசி. என் தம்பி மாணவர் அனுமதியில் வருகிறான். மானியம் கிடைக்குமா?

இருவரும் கட்டண மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் மட்டும் சிங்கப்பூரருக்கு ஆவதைவிட அதிகம். ஏற்றுக்கொண்டால் படிப்புக்குப் பின் சிங்கப்பூரில் மூன்று ஆண்டு வேலை பார்க்க வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்று முன்பு சொன்னது சிங்கப்பூரருக்கு மட்டுமே.

தமிழ்நாட்டில் பிஎஸ்சி நர்சிங் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தால் மலிவு இல்லையா?

கட்டணத்தை மட்டும் பார்த்தால் மலிவாகலாம். ஆனால் நான்கு ஆண்டு முடித்து, இந்தியாவில் பதிவுபெற்று வந்தாலும் இங்கே வெளிநாட்டில் பயின்றவராகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகளாக இருந்தாலும் பயின்ற இடத்தைத்தான் பார்ப்பார்கள். முதலில் இங்குள்ள ஒரு மருத்துவமனையோ பராமரிப்பு நிலையமோ வேலை தர முன்வர வேண்டும், பிறகு வாரியத்தின் மதிப்பீடு, உரிமத் தேர்வு. பட்டதாரியாக வந்தும் துணைத்தாதியாகத் தொடங்கியவர்கள் பலர் என்னோடு வேலை பார்த்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தச் சுற்றுவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊரிலிருந்து வர நினைக்கும் உறவினருக்கு ஒன்று சொல்லுங்கள். சிங்கப்பூர் வேலைவாய்ப்பு முகவர் ஊழியரிடம் வாங்கும் கட்டணத்துக்குச் சட்ட வரம்பு உண்டு. ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. நிலத்தை விற்றுப் பணம் கட்டச் சொல்லும் முகவரிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

பெண்ணுக்கு இரவு வேலை என்றால் வரன் அமையாது என்கிறார் என் மாமியார். என்ன சொல்வது?

பெரியவர் கவலையை அலட்சியம் செய்யாதீர்கள். இரவு வேலை உடம்பை வருத்தும், தீபாவளி அன்று வார்டில் இருக்க நேரும். எனக்கு நேர்ந்திருக்கிறது. ஆனால் தாதிமை இரவு வேலை மட்டுமல்ல. பலதுறை மருந்தகங்கள், வெளிநோயாளர் பிரிவு, சமூகத் தாதிமை என்று பகல்நேரப் பணிகளும் உண்டு. மாமியாருக்கு எண்கள் பிடிக்குமானால் இதையும் சொல்லுங்கள்: 2024இல் சுகாதார அமைச்சு அறிவித்த ஏஞ்சல் திட்டத்தில் பொதுத்துறைத் தாதி நீண்ட காலம் பணியில் நீடித்தால் 20 ஆண்டில் 100,000 வெள்ளி வரை பெறலாம்.

மகன் படிக்க விரும்புகிறான், ஆண்களும் போகலாமா என்று கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். போகலாம். ஆண் நோயாளிகள் பலர் குளிக்கவைக்க ஓர் ஆண் தாதி வந்தால்தான் நிம்மதியாக மூச்சுவிடுகிறார்கள்.

இரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். படிக்கலாமா?

எங்கள் வகுப்பில் முதல் மாதம் மயங்கி விழுந்தவர்கள் இருந்தார்கள். பழகிவிட்டது.

அக்கா, அவசரப்பட்டுத் தனியார் நிலையத்தில் முன்பணம் கட்டிவிட்டேன். அது நீங்கள் சொன்ன இரண்டாம் வகைப் படிப்பு. திரும்ப வாங்க முடியுமா?

எப்போது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூரில் பதிவுசெய்த தனியார் கல்வி நிலையம் ஒவ்வொரு மாணவரோடும் நிர்ணயித்த வடிவில் ஒப்பந்தம் போட வேண்டும். கையெழுத்திட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாள்களுக்குள் மனம் மாறினால் விலகிக்கொள்ளும் உரிமை அதில் இருக்கிறது. அந்த நாள்களுக்குள் இருந்தால் இன்றே எழுத்தில் விலகல் கடிதம் கொடுங்கள், தொலைபேசியில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். அனுப்பிய நேரம் தெரியும்படி மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

அந்த ஏழு வேலை நாள் கடந்துவிட்டால் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பணம் திரும்பத் தரும் அட்டவணையைப் பாருங்கள். வகுப்பு தொடங்க எத்தனை நாள் இருக்கிறது என்பதை வைத்து விழுக்காடு மாறும். பதிவில்லாதவர் இந்தப் படிப்பால் தாதியாக முடியாது என்பதை அவர்கள் உங்களிடம் சொல்லவில்லை என்றால், சேர்க்கையின்போது தந்த விளம்பரத் தாளையும் வாட்ஸ்அப் உரையாடலையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, இந்த நிலையங்களைக் கண்காணிக்கும் தனியார் கல்விக் குழுவிடம் போங்கள். தகராறுகளுக்குச் சமரச ஏற்பாடு அங்கே இருக்கிறது. எதையும் அழிக்காதீர்கள். ரசீது, ஒப்பந்தம், விளம்பரத் தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை கீழ்த்தளத்துக்கு வாருங்கள், கடிதத்தை உட்கார்ந்து எழுதுவோம்.